மறுமொழியற்ற ஏபிஐ அழைப்பு (மெய்நிகர் இயந்திர மேலாண்மை)

மறுமொழியற்ற ஏபிஐ அழைப்பு என்பது, ஒரு மென்பொருள் மற்றொரு மென்பொருளிடம் அதன் செயலி நிரலாக்க இடைமுகம் (சுருக்கமாக ஏபிஐ) வழியாக ஒரு பணியைக் கேட்ட பின், வெற்றி என்றோ பிழை என்றோ எவ்வித விடையும் உரிய காலத்துக்குள் வராதிருக்கும் நிலையைக் குறிக்கும். மெய்நிகர் இயந்திரங்களை மேலாண்மை செய்யும் மென்பொருள்களில் இந்நிலை அடிக்கடி நிகழ்கிறது. பிழைச்செய்தி வந்தால் பணி நடக்கவில்லை என்று முடிவு செய்யலாம். விடையே வராதபோது பணி நடந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா, தொடங்கவே இல்லையா என்பதை அழைத்த நிரலால் அறிய இயலாது.

இவ்வேறுபாடு கோட்பாட்டளவில் மட்டும் முக்கியமானதன்று. விடை தராத மெய்நிகர் இயந்திரம் இறந்துவிட்டது என்று கருதி, அதே இயந்திரத்தை வேறொரு கணினியில் மேலாண்மை மென்பொருள் மீண்டும் தொடங்கிவிட்டால், ஒரே வட்டுப் படிமத்தில் இரண்டு இயங்குதளங்கள் ஒரே வேளையில் எழுதத் தொடங்கும். சாதாரணக் கோப்பு முறைமைகள் இதைத் தாங்குவதில்லை. சில நிமிடங்களில் தரவு சீர்செய்ய இயலாதவாறு சிதைந்துவிடலாம். எனவே இத்துறையில் காலவரம்புகள், பூட்டுகள், கட்டாய நிறுத்தம், வேலியிடல் ஆகியன ஒன்றோடொன்று பிணைந்தே வடிவமைக்கப்படுகின்றன.

பின்னணி

ஒரு கணினியின் வன்பொருளைப் பல தற்சார்பான இயந்திரங்கள் போலப் பகிர்ந்தளிக்கும் மென்பொருள் மீமேற்பார்வையி (ஹைப்பர்வைசர்) எனப்படும். அது இயங்கும் கணினி புரவலர் கணினி என்றும், அதனுள் இயங்கும் இயங்குதளம் விருந்தினர் இயங்குதளம் என்றும் வழங்கப்படும். லினக்ஸ் கருனியின் கேவிஎம் கூறும், கருவிகளைப் போலச்செய்யும் கியூஎமு நிரலும் இணைந்த அமைப்பு பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. இதில் ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரமும் புரவலர் கணினியில் ஒரு தனிக் கியூஎமு செயல்முறையாக இயங்குகிறது.

இவற்றை நேரடியாகக் கையாள்வது கடினம் என்பதால் இடையில் ஒரு மேலாண்மை அடுக்கு அமைக்கப்படுகிறது. 2005 இல் ரெட் ஹாட் நிறுவனத்தில் டேனியல் வெய்யார் தொடங்கிய லிப்விர்ட் என்னும் கட்டற்ற நிரலகம் இவ்வடுக்கில் நன்கு அறியப்பட்டது. முதலில் சென் மீமேற்பார்வையிக்காக எழுதப்பட்ட இது, பின்னர் கியூஎமு உட்படப் பலவற்றையும் ஆதரிக்கலாயிற்று. ஓபன்ஸ்டாக், ஓவிர்ட் முதலிய பெரிய மேலாண்மை அமைப்புகள் இதன் மேல் கட்டப்பட்டவை. மறுமொழியற்ற அழைப்புகளின் இயல்பை விளக்க லிப்விர்ட் பொருத்தமான எடுத்துக்காட்டு ஆகையால் இக்கட்டுரை பெரும்பாலும் அதையே பின்பற்றுகிறது.

ஓர் அழைப்பு செல்லும் வழி

மேலாண்மை நிரல் ஒன்று, "இந்த இயந்திரத்தின் வட்டுப் பயன்பாடு எவ்வளவு?" என்று கேட்பதாகக் கொள்வோம். அக்கேள்வி முதலில் ஒரு பொருத்துவாய் வழியாக லிப்விர்ட்டின் பின்னணி நிரலை அடைகிறது. அங்குள்ள பணியாள் இழைகளுள் ஒன்று அதை எடுத்துக்கொள்கிறது. அவ்விழை குறிப்பிட்ட இயந்திரத்துக்கு உரிய பூட்டைப் பெற வேண்டும். பூட்டைப் பெற்றபின், கியூஎமுவின் கண்காணிப்பு வாயிலுக்கு ஜேசான் வடிவிலான கட்டளையை அனுப்பி விடைக்குக் காத்திருக்கும். கியூஎமுவின் முதன்மைச் சுழற்சி அக்கட்டளையைப் படித்து, வேண்டுமாயின் சேமிப்பகத்தை அணுகி, விடையை எழுதும். விடை வந்த வழியே திரும்புகிறது.

இவ்வழியில் எந்த ஒரு கண்ணி நின்றாலும் அழைத்தவருக்குத் தோன்றுவது ஒன்றே, மௌனம். பழுது எங்கே என்பதை மௌனத்தைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. நடைமுறையில் கடைசிக் கண்ணியான சேமிப்பகமே பெரும்பாலும் காரணமாக அமைகிறது. வட்டுப் படிமம் என்எஃப்எஸ் போன்ற வலையமைப்புக் கோப்பு முறைமையில் இருந்து, அதன் வழங்கி நின்றுவிட்டால், கியூஎமுவின் முதன்மை இழை கருனிக்குள் உள்ளீட்டு வெளியீட்டுக்காகக் காத்து நிற்கும். அந்நிலையில் அது கண்காணிப்பு வாயிலைக் கவனிக்காது.

இங்கு ஒரு விந்தையையும் குறிப்பிட வேண்டும். மெய்நிகர் மையச் செயலகங்கள் தனித்தனி இழைகளில் இயங்குவதால், முதன்மை இழை நின்ற பின்னும் விருந்தினர் இயங்குதளம் சிறிது காலம் வழக்கம்போலக் கணக்கிட்டுக்கொண்டிருக்கலாம். போலச்செய்யப்பட்ட கருவி ஒன்று தேவைப்படும்போதுதான் அது நிற்கும். ஆகவே மேலாண்மைத் திரை "மறுமொழி இல்லை" என்று காட்டும் இயந்திரம் உயிரோடு இருக்கக்கூடும். இதற்கு நேர்மாறாக, விருந்தினர் இயங்குதளம் முற்றிலும் உறைந்துபோயிருக்கும்போதும் கியூஎமு எல்லாக் கட்டளைகளுக்கும் உடனுக்குடன் விடை தரக்கூடும்.

பூட்டும் பணியாள் இழைகளும்

லிப்விர்ட் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு பணிப்பூட்டு வைத்துள்ளது. ஒரு கட்டளை கண்காணிப்பு வாயிலில் விடைக்குக் காத்திருக்கும்போது, அதே இயந்திரத்துக்கான அடுத்த கட்டளை பூட்டுக்காக 30 நொடி வரை காத்திருக்கும். அதற்குள் பூட்டு கிடைக்காவிட்டால், நிலைமாற்றப் பூட்டைப் பெற முடியவில்லை என்ற காலவரம்புப் பிழை திருப்பப்படுகிறது. புதிய பதிப்புகளில் அப்பூட்டை எந்த அழைப்பு வைத்துள்ளது என்பதும் அச்செய்தியில் சேர்க்கப்படுகிறது. பழுதாய்வுக்கு இது மிகவும் உதவுகிறது, ஏனெனில் பிழையைப் பெற்ற அழைப்பு பெரும்பாலும் குற்றவாளி அன்று. முன்னே நிற்பதே குற்றவாளி.

முன்னே நிற்கும் அந்த அழைப்புக்கோ காலவரம்பு கிடையாது. கண்காணிப்பு வாயிலில் அனுப்பிய கட்டளைக்கு லிப்விர்ட் எல்லையின்றிக் காத்திருக்கிறது. முதல் பார்வையில் இது குறைபாடாகத் தோன்றினாலும் இதற்கு வலுவான காரணம் உண்டு. அனுப்பிவிட்ட கட்டளையைத் திரும்பப் பெற இயலாது. 30 நொடிக்குப் பின் லிப்விர்ட் கைவிட்டுவிட்டு, 31ஆம் நொடியில் கியூஎமு அக்கட்டளையை நிறைவேற்றினால், இயந்திரத்தின் உண்மை நிலையும் லிப்விர்ட்டின் பதிவும் வேறுபட்டுவிடும். தவறான பதிவை வைத்திருப்பதைவிடக் காத்திருப்பதே மேல் என்பது இவ்வடிவமைப்பின் நிலைப்பாடு.

இதன் பக்கவிளைவு பணியாள் இழைகளின் தட்டுப்பாடு ஆகும். பின்னணி நிரலின் இயல்பு அமைப்பில் பணியாள் இழைகளின் உச்ச எண்ணிக்கை 20. ஒரே என்எஃப்எஸ் வழங்கியைச் சார்ந்த 20 இயந்திரங்களின் புள்ளிவிவரங்களைக் கண்காணிப்பு நிரல் ஒன்று கேட்க, அவ்வழங்கி நின்றுவிட்டால், 20 இழைகளும் ஒவ்வொன்றாகச் சிக்கிக்கொள்ளும். அதன்பின் நல்ல நிலையில் உள்ள பிற இயந்திரங்களுக்கான சாதாரண அழைப்புகளும் வரிசையில் நிற்க நேரிடும். ஒரு சேமிப்பகத்தின் பழுது புரவலர் கணினி முழுவதன் பழுதாகத் தோற்றமளிப்பது இப்படித்தான்.

இதைத் தவிர்க்க, இயல்பாக 5 முன்னுரிமை இழைகள் தனியே ஒதுக்கப்பட்டுள்ளன. கண்காணிப்பு வாயிலுக்காகக் காத்திராத அழைப்புகள் மட்டுமே இவற்றில் இயங்கும். இயந்திரத்தைக் கட்டாயமாக நிறுத்தும் அழைப்பு இவ்வகையைச் சேர்ந்தது. எல்லாம் சிக்கிய நிலையிலும் நிறுத்தும் வழி திறந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

கண்காணிப்பு நிரல்களை எழுதுவோர்க்கு வேறு வழிகளும் தரப்பட்டுள்ளன. இயந்திரத்தின் நிலையைக் கேட்கும் அழைப்பு லிப்விர்ட்டின் நினைவகத்தில் உள்ள பதிவிலிருந்தே விடை தருவதால், கியூஎமு சிக்கியிருந்தாலும் அது தேங்குவதில்லை. 2011 இல் சேர்க்கப்பட்ட கட்டுப்பாட்டுத் தகவல் அழைப்பு, வாயில் வேறு கட்டளையால் நிரம்பியுள்ளதா, எவ்வளவு காலமாக அவ்வாறு உள்ளது என்பதைச் சொல்கிறது. விர்ஷ் கட்டளை நிரலில் இது "டாம்கன்ட்ரோல்" என்ற பெயரில் கிடைக்கிறது. எல்லா இயந்திரங்களின் புள்ளிவிவரங்களையும் மொத்தமாகத் திரட்டும் அழைப்புக்கு, பூட்டுக்காகக் காத்திராமல் கிடைத்ததை மட்டும் தரும் விருப்பம் 2018 இல் 4.5.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. குறைவான தகவல், ஆனால் உடனடியாக. கண்காணிப்புக்கு இதுவே ஏற்றது.

காலவரம்புகளின் வகைகள்

எல்லாக் காலவரம்புப் பிழைகளும் ஒன்றல்ல. மேலே சொன்ன பூட்டுப் பிழை வரிசையில் நிற்கும்போதே எழுவது. கட்டளை கியூஎமுவிடம் செல்லவே இல்லை என்பது அதில் உறுதி. ஆகவே அதே அழைப்பைச் சிறிது நேரம் கழித்து மீண்டும் அனுப்புவதில் தீங்கில்லை. கட்டளை சென்ற பின் எழும் காலவரம்புப் பிழையோ பணியின் முடிவைப் பற்றி எதையும் சொல்வதில்லை. இரண்டையும் ஒரே விதமாகக் கையாளும் நிரல், என்றேனும் ஒருநாள் ஒரு பணியை இருமுறை செய்துவிடும்.

மெதுவாக இயங்கும் கணினியையும் நின்றுவிட்ட கணினியையும் செய்திகளைக் கொண்டு மட்டும் உறுதியாக வேறுபடுத்த முடியாது என்பது பரவல் கணிமையில் அடிப்படையான கருத்து. 1985 இல் ஃபிஷர், லின்ச், பேட்டர்சன் ஆகியோர் வெளியிட்ட தேற்றம் இதனோடு தொடர்புடையது: செய்திகள் வந்து சேரும் காலத்துக்கு வரம்பில்லாத அமைப்பில், ஒரேயொரு கணினி செயலிழக்கக்கூடும் என்றாலும், எப்போதும் ஒருமித்த முடிவை எட்டும் உறுதியான வழிமுறை இல்லை என அது நிறுவியது. காலவரம்பு என்பது இவ்விடத்தில் ஓர் ஊகம் மட்டுமே. அதைக் குறைத்தால் உயிரோடிருப்பவை இறந்தவையாகக் கணிக்கப்படும். கூட்டினால் இறந்தவற்றுக்காகக் காத்திருக்கும் நேரம் மிகும்.

மீண்டும் அனுப்புவதைத் தீங்கற்றதாக்க, அழைப்பை மீள்செயல் மாறா இயல்புடையதாக வடிவமைப்பது வழக்கம். அதாவது ஒருமுறை செய்தாலும் பலமுறை செய்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும். அமேசானின் ஈசி2 சேவையில் புதிய இயந்திரத்தைக் கோரும்போது வாடிக்கையாளர் ஓர் அடையாளக் குறியை உடன் அனுப்பலாம். அதே குறியுடன் கோரிக்கை மறுபடி வந்தால் இரண்டாவது இயந்திரம் உருவாக்கப்படுவதில்லை.

உயிர்த்துடிப்புச் செய்திகள்

இணைப்பின் மறுமுனை இருக்கிறதா என்பதை அறிய லிப்விர்ட் 2011 முதல் உயிர்த்துடிப்புச் செய்திகளைப் பயன்படுத்துகிறது. இயல்பு அமைப்பில் 5 நொடி இடைவெளியில் 5 செய்திகள் வரை விடையின்றிப் போகலாம். இடைவெளியை எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிப் பெருக்க, ஏறத்தாழ 30 நொடியில் இணைப்பு துண்டிக்கப்படும். காத்திருந்த அழைப்புகள் பிழையுடன் திரும்பும்.

இச்செய்திகளுக்குப் பின்னணி நிரலின் நிகழ்வுச் சுழற்சியே விடை தருகிறது, பணியாள் இழை அன்று. ஆகவே புரவலர் கணினி மின்சாரம் இழந்ததையும் வலையமைப்பு அறுந்ததையும் இம்முறை கண்டறியும். குறிப்பிட்ட ஒரு மெய்நிகர் இயந்திரம் சிக்கியிருப்பதைக் கண்டறியாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, உயிர்த்துடிப்பு இருப்பதால் அழைப்புகள் தேங்கா என்று எண்ணுவது பரவலான தவறு.

இதில் எதிர்பாராத பொறி ஒன்றும் உண்டு. ஒரே இணைப்பில் ஒரே வேளையில் 5 கோரிக்கைகள் வரை மட்டுமே இயல்பாக அனுமதிக்கப்பட்டன. அவ்வரம்பை எட்டியதும் பின்னணி நிரல் அவ்விணைப்பிலிருந்து படிப்பதையே நிறுத்திவிடும். அப்போது வந்து சேரும் உயிர்த்துடிப்பும் படிக்கப்படுவதில்லை. விளைவாக, சிக்கிய 5 அழைப்புகள் நல்ல இணைப்பையும் இறந்ததாகக் காட்டித் துண்டிக்கச் செய்யலாம். வரம்பை எட்டும்போது இதனைச் சுட்டிக்காட்டும் எச்சரிக்கை பின்னர் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

விருந்தினர் முகவர்

விருந்தினர் இயங்குதளத்துள் இயங்கும் சிறு முகவர் நிரலிடம் கோப்பு முறைமையை உறையச்செய்தல், நேரத்தைச் சரிசெய்தல் போன்ற பணிகளைக் கேட்கலாம். முகவர் நம்பத்தகாத பக்கத்தில் இருக்கிறது. விருந்தினரின் உரிமையாளர் அதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். எனவே கண்காணிப்பு வாயிலைப் போலன்றி இதற்குக் காலவரம்பு அவசியமாகிறது. முகவருக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் லிப்விர்ட் அழைப்பின் இயல்புக் காலவரம்பு 5 நொடி ஆகும். இயந்திரம்தோறும் இக்காலத்தை மாற்றும் வசதி 2019 இல் 5.10.0 பதிப்பில் வந்தது.

காலவரம்பு முடிந்தபின் முகவர் தாமதமாக விடையளித்தால் என்ன செய்வது என்பது இங்கு எழும் சிக்கல். அப்பழைய விடை அடுத்த கேள்விக்கு உரிய விடையாகத் தவறாகப் படிக்கப்படலாம். இதைத் தடுக்க முதலில் ஓர் ஒத்திசைவுக் கட்டளை தனித்த எண்ணுடன் அனுப்பப்படுகிறது. முகவர் அதே எண்ணைத் திருப்பித் தரும்வரை வரும் விடைகள் அனைத்தும் பழையவை எனப் புறந்தள்ளப்படும்.

பணிச்சீட்டு முறை

நீண்ட பணி முடியும்வரை அழைப்பைத் திறந்துவைத்திருப்பதற்கு மாற்றாக, உடனே ஒரு பணிச்சீட்டைத் தந்துவிட்டு வேலையைப் பின்னணியில் செய்யும் முறையைப் பல மென்பொருள்கள் கையாளுகின்றன. விஎம்வேர் விஸ்பியரில் நீண்ட செயல்கள் "டாஸ்க்" என்னும் பொருளைத் திருப்பித் தருகின்றன. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி 4096 என்ற எண்ணைத் திருப்பினால் பணி தொடங்கிவிட்டது, இன்னும் முடியவில்லை என்று பொருள். விர்ச்சுவல்பாக்ஸ் முன்னேற்றப் பொருள் ஒன்றைத் தருகிறது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை அழைத்தவரே குறிப்பிடலாம். லிப்விர்ட்டிலும் இடம்பெயர்ப்பு போன்ற நீண்ட பணிகளின் முன்னேற்றத்தை வேறோர் இணைப்பிலிருந்து கேட்கவும், "டாம்ஜாப்அபார்ட்" கட்டளையால் இடையில் கைவிடவும் முடியும்.

இணைப்பு அறுந்தாலும் சீட்டைக் கொண்டு பின்னர் வந்து கேட்கலாம் என்பதே இதன் நன்மை. ஆயினும் பணி உள்ளே சிக்கிக்கொண்டால் சீட்டும் "நடந்துகொண்டிருக்கிறது" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

மேலடுக்கு மென்பொருள்கள்

ஓவிர்ட்டில் புரவலர் கணினியில் இயங்கும் விடிஎஸ்எம் நிரல், சிக்கிய இழையை அப்படியே விட்டுவிட்டு அதன் இடத்தில் புதிய இழையைச் சேர்க்கும். விடை தராத இயந்திரத்தை நின்றுவிட்டது என்று கூறாமல், மறுமொழியற்றது என்னும் தனி நிலையில் அது காட்டும். தெரியாததைத் தெரியாது என்றே காட்டும் இம்முறை பாராட்டத்தக்கது.

ஓபன்ஸ்டாக்கின் நோவா நீண்டகாலம் ஈவன்ட்லெட் என்ற பைத்தான் நிரலகத்தைச் சார்ந்திருந்தது. அதில் பல பணிகள் ஒரே உண்மையான இழையை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும். சி மொழியில் எழுதப்பட்ட லிப்விர்ட் அழைப்பு ஒன்று தேங்கினால் அவ்விழை முழுவதும் நின்றுவிடும். ஆதலால் லிப்விர்ட் அழைப்புகள் தனியான உண்மை இழைத் தொகுதிக்கு அனுப்பப்பட்டன. நோவாவின் கூறுகளுக்கு இடையிலான தொலை அழைப்புகளுக்கு இயல்புக் காலவரம்பு 60 நொடி. நீண்ட பணிகளுக்கு 1800 நொடி கொண்ட தனி அமைப்பு உண்டு.

கட்டாய நிறுத்தம்

விடை தராத இயந்திரத்தை நிறுத்த லிப்விர்ட்டின் அழித்தல் அழைப்பு பயன்படுகிறது. இது பணிப்பூட்டுக்குக் காத்திராமல் முதலில் கியூஎமு செயல்முறைக்கு முடிவுறும்படி சைகை அனுப்பும். சிறிது நேரத்தில் அது முடியாவிட்டால் மறுக்கவியலாத கொல் சைகையை அனுப்பும். செயல்முறை மறைந்ததும் கண்காணிப்பு வாயில் மூடப்படுவதால், அதில் காத்திருந்த பழைய அழைப்பும் பிழையுடன் விடுபடும். சிக்கிய பூட்டு அவிழ்வதும் இதனால்தான்.

கொல் சைகையும் சில வேளைகளில் பயனளிப்பதில்லை. லினக்ஸ் கருனிக்குள் இடைமறிக்கவியலாத உறக்கத்தில் இருக்கும் செயல்முறை, தான் காத்திருக்கும் உள்ளீட்டு வெளியீடு முடியும்வரை எந்தச் சைகையையும் ஏற்காது. செயல்முறைப் பட்டியலில் இது "டி" என்னும் எழுத்தால் குறிக்கப்படும். அப்போது கொல் சைகையாலும் செயல்முறையை முடிக்க இயலவில்லை என்ற பிழையை லிப்விர்ட் திருப்புகிறது. 2008 இல் வெளியான 2.6.25 கருனி, கொல் சைகைக்கு மட்டும் விழித்தெழும் புதிய உறக்க நிலையை அறிமுகப்படுத்தியது. என்எஃப்எஸ் காத்திருப்புகளில் பல அந்நிலைக்கு மாற்றப்பட்டன, எல்லாமும் அல்ல.

என்எஃப்எஸ்ஸை "மென்மையான" முறையில் ஏற்றினால் குறித்த காலத்துக்குப் பின் பிழை திரும்பும், எதுவும் சிக்காது. ஆனால் அப்பிழை எழுதும் வேளையில் வந்தால் தரவு கெடக்கூடும் என்பதால் வட்டுப் படிமங்களுக்கு "கடினமான" முறையே பரிந்துரைக்கப்படுவது வழக்கம்.

இரட்டை இயக்கத்தைத் தடுத்தல்

புரவலர் கணினியே விடை தராதபோது, அதிலிருந்த இயந்திரங்களை வேறிடத்தில் தொடங்கும் முன் பழையவை நின்றுவிட்டன என்பதை உறுதிசெய்ய வேண்டும். கேட்டு அறிய முடியாததால், அதைச் செய்துமுடிப்பதே வழி. ஐபிஎம்ஐ போன்ற தனிப்பட்ட வன்பொருள் இடைமுகத்தின் வழியாக அக்கணினியின் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. இது வேலியிடல் எனப்படும். மின்சாரம் துண்டிக்கப்பட்டதற்கான உறுதி கிடைத்த பின்னரே இயந்திரங்கள் மறுபடி தொடங்கப்படும். வேலியிடும் கட்டளைக்கும் விடை வராவிட்டால், எதையும் தொடங்காமல் மனிதரின் முடிவுக்கு விட்டுவிடுவதே பாதுகாப்பானது. சேவை சில மணிநேரம் நிற்பது வருந்தத்தக்கது. ஆனால் சிதைந்த வட்டு திரும்ப வராது.

மற்றொரு வழி, பகிரப்பட்ட சேமிப்பகத்திலேயே குத்தகை எழுதுவது. சான்லாக் என்னும் நிரல் இயந்திரத்தின் பெயரில் ஒரு குத்தகையை வட்டில் பதிந்து, அதைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. புதுப்பிக்க இயலாத புரவலர் கணினி தன் இயந்திரங்களைத் தானே நிறுத்த முயலும். அதுவும் முடியாவிட்டால் வன்பொருள் காவல் கடிகாரம் கணினியை மறுதொடக்கம் செய்துவிடும். ஆகவே குத்தகை காலாவதியானதைக் காணும் மற்றொரு கணினி, முன்னதன் விடைக்குக் காத்திராமலே இயந்திரத்தைத் தொடங்கலாம். ஓவிர்ட் 2017 இல் வெளியான 4.1 பதிப்பு முதல் இத்தகைய இயந்திரக் குத்தகைகளை ஆதரிக்கிறது. அதே ஆண்டில் வெளியான கியூஎமு 2.10, வட்டுப் படிமக் கோப்புகளைத் தானாகவே பூட்டத் தொடங்கியது. ஒரு படிமத்தில் எழுதும் உரிமை ஏற்கெனவே ஒரு செயல்முறையிடம் இருந்தால், இரண்டாவது கியூஎமு பிழையுடன் நின்றுவிடும்.

இயங்கும் இயந்திரத்தை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு இடம்பெயர்க்கும்போதும் இதே இக்கட்டு எழுகிறது. லிப்விர்ட்டின் மூன்றாம் இடம்பெயர்ப்பு நெறிமுறையில் தொடக்கம், ஆயத்தம், நிகழ்த்தல், முடித்தல், உறுதிசெய்தல் என ஐந்து கட்டங்கள் உள்ளன. சேருமிடம் இயங்கத் தொடங்கிவிட்டது என்ற செய்தி வந்து உறுதிசெய்யும் கட்டம் நிறைவேறும்வரை, புறப்பட்ட இடத்திலுள்ள இயந்திரம் நிறுத்திவைக்கப்பட்ட நிலையில் இருக்கும், அழிக்கப்படுவதில்லை. சேருமிடம் தோல்வியைத் தெரிவித்தால் பழைய இயந்திரம் விட்ட இடத்திலிருந்து தொடரும். முடித்தல் கட்டத்தின் விடை வழியிலேயே தொலைந்துபோனால், பழைய இயந்திரத்தைத் தொடரச் செய்யும் முன் சேருமிடத்தில் புதியது இயங்குகிறதா என்று நேரில் பார்ப்பது நிர்வாகியின் பொறுப்பாகிறது.